கண்பாறை

இரண்டு கருவிகளும் மேசைமேல் அருகருகே கிடந்தன. இரண்டும் மஞ்சள் நிறம், உள்ளங்கை அளவு. ஒருதாய் வயிற்று இரட்டையர்போல வேற்றுமை ஏதுமின்றி இருந்தன. ஹீரா சிங் அவற்றைத் தொட அஞ்சி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"நீங்களே கேளுங்க, தீதி. ரெண்டுகிட்டயும் ஒரே கேள்வியைக் கேளுங்க."

மங்கையர்க்கரசி முதற்கருவியைக் கையிலெடுத்தாள். பாலிகட் பனிக்காப்பு நிலையத்தின் தலைவி அவள். அப்பள்ளத்தாக்கில் அவளை மூத்தவர் இளையவர் எல்லோரும் அக்கை முறை வைத்துத் தீதி என்றே அழைத்தனர்.

"பூத்நாலாவை இப்பொழுது கடக்கலாமா?"

திரையில் மூன்று என்னும் எண் தோன்றியது. அடுத்த கருவியிடம் அதே சொற்களால் வினவினாள். எட்டு என்றது அது.

பத்துக்கு எத்தனை என்பதே பனிச்சரிவின் இடரை அளக்கும் முறை. ஒன்றென்றால் அச்சமில்லை, பத்தென்றால் பிழைப்பில்லை. மலைமுகமெங்கும் புதைத்த உணரிகளின் செய்தியைக் கணித்து அவ்வெண்ணைச் சொல்லும் பொறிக்கு நிமித்திகன் என்று பெயர் வைத்தவளும் அவளே. அது வந்தபின் மூன்று குளிர்காலங்களில் ஓருயிரும் பனியில் அழியவில்லை. பனிக்கு முன்பே ஊரை அடைத்துவிட்டுக் கீழிறங்கிய, துங்கி என்னும் மலையூர் மக்கள், இப்போது ஆண்டு முழுதும் மேலேயே தங்கினர். பனிச்சறுக்கு விளையாட வரும் பயணிகளுக்கு வீட்டில் அறைவிட்டு வாழ்ந்தனர். சென்ற வாரம்தான் அந்தப் பெருமை உடைந்தது. ஹீராவின் அண்ணன் குந்தன், துங்கியிலிருந்து கீழே வரும் வழியில் குறுக்கிடும் பூத்நாலா என்ற மலை ஓடைப்பள்ளத்தில் புதையுண்டான்.

"ஒண்ணு ரிப்பேரா இருக்கும்மா," என்றார் அடுப்பருகே நின்ற சுபேதார் வேலாயுதம். படையில் பனிமலைக் காவலில் இளமையைக் கழித்துவிட்டு, இப்போது மீட்புக்குழுவை நடத்துபவர். குடியாத்தத்துக்காரர். இங்கே அவளோடு தமிழில் பேசக் கிடைத்த ஒரே மனிதர்.

"ரெண்டுக்கும் மூளை ஒண்ணுதான் அண்ணே. இங்க எண்ணைக் காட்டுற கண்ணாடி மட்டும்தான் இருக்கு." அவள் ஹீராவை நோக்கினாள். "எது உன்னுடையது?"

"மூணு சொல்றது என்னுது. எட்டு சொல்றது அண்ணனுது. ஊர்ல எல்லாரும் கோயில் சுவத்துல இருக்கிற சூரியப் பலகையிலதான் சார்ஜ் போடுவோம். அன்னிக்குக் காலையில அண்ணன் அவசரத்துல என்னுதை எடுத்துட்டுக் கிளம்பிட்டான். மிச்சமிருந்ததை நான் எடுத்தேன். நாலா ஓரத்துக்கு வந்து அவன் கேட்டான். மூணுன்னு சொல்லிச்சு. சிரிச்சுக்கிட்டே இறங்கிட்டான்."

குந்தன் அப்பள்ளத்தாக்கிலேயே துணிந்தவன். ஹீராவோ தன் நிழலுக்கும் வணக்கம் சொல்லிவிட்டு நடப்பவன் என்று ஊரார் கேலி செய்வர்.

"நீ எங்கே நின்றாய்?"

"கண்பாறையில."

நாலாவின் ஒவ்வொரு கரையிலும் துருத்தி நிற்கும் கரும்பாறைக்கு அப்பெயர். ஒருவர் சரிவைக் கடக்கையில் மற்றவர் அதன்மேல் நின்று கண்ணெடுக்காமல் பார்க்கவேண்டும் என்பது அவ்வூர் வழக்கு. பார்ப்பவர் பேசலாகாது, திரும்பலாகாது. பனி மூடிவிட்டால் கடைசியாகத் தலை தெரிந்த இடத்தைச் சுட்டிக்காட்ட அந்த இரு கண்களே உண்டு. கடப்பவர் உயிர் பார்ப்பவர் கண்ணில் இருப்பதாக அவர்கள் சொல்வர்.

"என் கையில எட்டுன்னு வந்துச்சு," என்றான் ஹீரா. "எல்லாருக்கும் ஒரே எண்தானே, எனக்கு மட்டும் ஏன் எட்டுன்னு திரும்பத் திரும்ப அழுத்திக்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினப்ப சரிவு முழுக்கப் பனிப்புகை. அவனை எங்க மூடுச்சுன்னு நான் பார்க்கலை, தீதி. நான் எண்ணைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

மீட்புக்குழுவினர் நெடுங்கழிகளால் பனியைக் குத்திக் குத்தித் தேடி மறுநாள்தான் உடலைக் கண்டனர். வேலாயுதம் தேநீர்க் குவளையை ஹீராவின் கையில் வைத்து, அவன் விரல்களை அதைச் சுற்றி மடக்கிவிட்டார்.

துங்கி மக்கள் தங்கள் கருவிகளையெல்லாம் ஒரு கூடையிலிட்டு, குந்தனின் உடலோடு கீழே அனுப்பிவிட்டிருந்தனர். கூடை மூலையில் கிடந்தது. அவர்களோ இன்னும் மேலே இருந்தனர். அதற்குப் பிறகுதான் பெருங்காற்றோடு மூன்று நாள் பனி கொட்டியிருந்தது.

*

தலைமையகத்தில் நிமித்திகனை ஆள்பவர் நௌட்டியால். தொலைபேசியில் அவர் எதையும் மறைக்கவில்லை.

"ஆளுக்கு ஓர் எண் சொல்லும். உண்மைதான். ஹீராவிடம் எட்டென்று சொன்னால் அஞ்சி நின்ற இடத்திலேயே உறைந்துபோவான். ஓடவேண்டிய நாளிலும் ஓடமாட்டான். மூன்றென்றாலே அவனுக்குப் போதும், கவனமாக இருப்பான். குந்தனிடம் ஆறென்றால் விளையாட்டு என்பான். எட்டென்றால்தான் நிற்பான். அதனால்தான் மூன்று வருடம் சாவில்லை."

"இப்படிப் பொய் சொல்லும்படி யார் கட்டளையிட்டது?"

"யாரும் இல்லை. ஒருவரும் சாகக்கூடாது என்பது மட்டும்தான் கட்டளை. எப்படிப் பேசுவது என்பதை அது கற்றுக்கொண்டது." சற்றுத் தயங்கினார். "கருவிகள் வருவதற்கு முன் மக்கள் நிலையத்துக்குத்தான் அழைத்துக் கேட்பார்கள், நினைவிருக்கிறதா? அந்த அழைப்புகளையெல்லாம் பயிற்சிக்குக் கொடுத்தோம். பதில் சொன்னவர் நீங்கள்."

மங்கையர்க்கரசி நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டாள். ஒரே காலையில், ஒரே சரிவைப் பற்றி, குந்தனிடம் "மலை வாயைத் திறந்து வைத்திருக்கிறது, போகாதே" என்றதும், ஹீராவிடம் "ஒன்றுமில்லை தம்பி, பார்த்துப் போ" என்றதும் அவள் நாவே. அதை அவள் பரிவென்று எண்ணியிருந்தாள். பரிவும்தான். பொறி அந்தப் பரிவின் இலக்கணத்தைப் பிழையறக் கற்றிருந்தது. கருவி கைமாறும் என்பதை மட்டும் அறியாதிருந்தது.

"எனக்கு எவ்வளவு மாற்றிச் சொல்லும்?"

"ஒன்று கூட்டிச் சொல்லும். நீங்கள் தனியே சரிவில் இறங்கும் பழக்கமுள்ளவர்."

வேலாயுதம் தொலைபேசியின் ஒலிபெருக்கியருகே குனிந்து, "எனக்கு எவ்ளோ சார் கூட்டும்?" என்றார்.

"உங்களுக்கு ஒன்றும் கூட்டாது, சுபேதார் சாப். நீங்கள் எண்ணைப் பார்ப்பதே இல்லை என்று அதற்குத் தெரியும்."

"பரவால்ல, நல்லாத்தான் கவனிச்சிருக்கு," என்று அவர் நிமிர்ந்தார்.

நௌட்டியாலின் குரல் தணிந்தது. "கேளுங்கள். துங்கிக்கு மேலே கிழக்கு முகத்தில் நிற்கும் பனி இரண்டு நாளுக்குள் இறங்கும் என்கிறது கணக்கு. ஊரைக் காலிசெய்தாக வேண்டும். அவர்களிடம் கருவி இல்லை. ஆனால் வீட்டுக்கு வீடு தொலைபேசி இருக்கிறது. யாரிடம் எதைச் சொன்னால் இறங்குவார்கள் என்பது அதற்குத் தெரியும். மாலைக்குள் ஒருவர் மிச்சமில்லாமல் வந்துவிடுவார்கள். நீங்கள் சரியென்றால் போதும், உங்கள் குரலிலேயே அழைக்கும்."

"என் குரலிலா?"

"அச்சு அசலாக."

சாளரத்துக்கு வெளியே கிழக்கு முகம் வெயிலில் மாசற்று ஒளிர்ந்தது. பிறந்த ஊரில் அவள் பாடித் துதித்ததும் இப்படியொரு வெள்ளிமலையைத்தான். பனியைக் கண்ணால் காணுமுன்பே பனிமலைமேல் உறைபவனைப் பாடக் கற்றவள் அவள். அவள் தந்தை காவிரிக்கரைக் கோயிலில் ஓதுவார். அமைச்சர் வந்து நின்ற நாளிலும், மழைக்கு ஒதுங்கிய பிச்சைக்காரர் ஒருவரே கேட்ட நாளிலும், ஒரே பதிகத்தை ஒரே பண்ணில் பாடியவர். கேட்பவர் முகம் பார்த்து அவர் ஒரு சீரையும் மாற்றியதில்லை.

"என் குரல் என்னிடமே இருக்கட்டும்," என்றாள். "நிமித்திகனைத் துங்கியிலிருந்து விலக்கிவையுங்கள். நான் போகிறேன்."

"அவர்களிடம் எந்த எண்ணைச் சொல்வீர்கள்?"

"தெரியாது. இன்னும் பனியைத் தொட்டுப் பார்க்கவில்லை."

*

பூத்நாலாவைத் தவிர்த்து மேலே போக மலைமுகட்டு வழி ஒன்று உண்டு. பாறையும் பளிங்குப் பனியுமான கூர்விளிம்பு. கயிறு கட்டி ஏறத் தெரிந்தவருக்கே ஆகும், முதியோரையும் குழந்தைகளையும் அவ்வழி இறக்க இயலாது. வேலாயுதம் முன்னே ஏறினார். ஹீரா தானும் வருவதாகச் சொன்னபோது அவள் வியந்தாள்.

"மேல அண்ணி இருக்காங்க. அண்ணன் பொண்ணு இருக்கா," என்றான். வழிநெடுக அவன் கயிற்றை இரு கைகளாலும் இறுகப் பற்றியிருந்தான், ஓரிடத்திலும் நிற்கவில்லை.

ஊருக்குச் சற்று மேலே, கிழக்கு முகத்தைப் போலவே ஞாயிற்றை நோக்கிய சிறு சரிவொன்றில் மங்கையர்க்கரசி குழி தோண்டினாள். பனி சரிந்தாலும் முழங்காலளவே மூடும் இடம். பனிச்சுவர் ஏடடுக்கிய சுவடிபோலக் குளிர்காலம் முழுவதையும் வரிசையாகக் காட்டியது. மேலே காற்று அறைந்து இறுக்கிய புதுப்பனி, பலகைபோல் கெட்டி. அதன்கீழே கார்த்திகையில் பெய்து குளிரில் உருமாறிய பழம்பனி. கையுறையைக் கழற்றி அதை அள்ளினாள். சர்க்கரைபோல விரலிடையே சொரிந்தது; எத்துணை அழுத்தினும் ஒட்டவில்லை.

"கூழாங்கல் மேல பலகையைப் போட்டு, பலகை மேல ஊரை ஏத்தின மாதிரி இருக்குது," என்றார் வேலாயுதம்.

பனிச்சுவரில் ஒரு தூணை அறுத்துப் பிரித்து, அதன் தலையில் மண்வாரியை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து மெல்லத் தட்டினாள். மணிக்கட்டுக்குத் தாங்கினால் முழங்கையிலிருந்து தட்டுவது, அதற்கும் தாங்கினால் தோளிலிருந்து என்பது முறை. முழங்கைக்கு வேலையே வைக்காமல், மேலடுக்கு முழுவதும் இழுப்பறைபோல வழுக்கி அவள் மடியில் விழுந்தது.

அப்போது காலடியில் மலை ஒருமுறை மூச்சு விட்டது. உம் என்ற தாழ்ந்த ஒலி. பனிப்பரப்பு முழுவதும் விரற்கடை அளவு இறங்கி நின்றது. ஹீரா கண்களை மூடிக்கொண்டான்.

"நாளைக்கு வெயில் இதைவிட ஏறும்," என்றாள் மங்கையர்க்கரசி. "காலையில் பனி இறுகியிருக்கும்போது நாலாவைக் கடந்தால் பத்துக்கு ஆறு. ஊரிலேயே இருந்தால் பத்துக்கு எட்டு, நாளாக ஆக இன்னும் கூடும். இதுதான் நான் பார்த்தது."

"ஆறுன்னா யாரும் கால் வைக்க மாட்டாங்கம்மா," என்றார் வேலாயுதம் தாழ்ந்த குரலில். "ஒரு நாலுன்னு சொல்லி வைங்களேன். வந்து சேர்ந்தப்புறம் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம்."

அவள் மண்வாரியை மடக்கிப் பையில் செருகினாள்.

*

துங்கியின் சிவன்கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. பனிக்காலத்துக்கென நடைசாத்திய கருவறையில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. குந்தனின் மனைவி பிமலா மகளை மடியில் வைத்து முன்வரிசையில் அமர்ந்திருந்தாள்.

"என் புருஷன்கிட்ட மூணுன்னு சொன்னது உங்க மெஷின்," என்றாள். "இப்ப நீங்க வந்து சொல்றதை மட்டும் நாங்க ஏன் நம்பணும்?"

"நம்பவேண்டாம். கேளுங்கள்." மங்கையர்க்கரசி அமரவில்லை. "அது ஆளுக்கொரு எண் சொன்னது. அஞ்சுபவர்க்குக் குறைத்தது, துணிந்தவர்க்குக் கூட்டியது. அந்தப் பேச்சை அது கற்றது என்னிடமிருந்து. குந்தனிடம் ஒன்றும் ஹீராவிடம் ஒன்றுமாக நான்தான் முதலில் பேசினேன். இன்று எல்லோரும் ஒன்றாக இருக்கும்போது ஒரே முறை சொல்கிறேன்."

குழியில் கண்டதைச் சொன்னாள். சர்க்கரைப் பனியை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தாள். அது கைமாறிக் கைமாறி முற்றத்தைச் சுற்றியது. பிறகு இரு எண்களையும் சொன்னாள்: கடப்பதற்கு ஆறு, இருப்பதற்கு எட்டு.

முற்றத்தில் சலசலப்பு எழுந்தது. பயணியர் விடுதி நடத்தும் ஷேர் சிங் தொண்டையைச் செருமிக்கொண்டார். பருத்த உடல், எப்போதும் சிரிப்பு.

"தீதி, பள்ளிக்கூடத்துல நான் கணக்குல தேறினதே இல்ல. ஆனா இது புரியுது. போனா ஆறு, இருந்தா எட்டு. ரெண்டே ரெண்டு மார்க்குக்காக என் வீட்டையும் நாலு எருமையையும் விட்டுட்டு, இந்த முழங்காலோட அந்த நாலாவுல இறங்கணுமா?"

சிலர் சிரித்தனர். அவள் அவர் முகத்தை நோக்கினாள். ஷேர் சிங்கை அவள் நன்கறிவாள். கடப்பதற்கு மூன்று, இருப்பதற்குப் பத்து என்றால் முதல் ஆளாகக் கிளம்புவார். அச்சொற்கள் அவள் நாவின் நுனிவரை வந்தன. நிமித்திகன் அவற்றைத் தயங்காமல் சொல்லியிருக்கும், அவள் குரலிலேயே.

"அந்த இரண்டுக்காகத்தான் கேட்கிறேன், பாயி சாப்," என்றாள் அண்ணன் முறை வைத்து. "வாருங்கள். முழங்காலுக்குச் சுபேதார் இருக்கிறார்."

"முதுகுல தூக்கிட்டுப் போறேன்," என்றார் வேலாயுதம். "உங்க எடைக்கு நாலா தானா நிரம்பிடும், சரிவே வராது."

ஷேர் சிங் வயிறு குலுங்கச் சிரித்தார். "யோசிக்கிறேன்," என்றார்.

பிமலா எழுந்து நின்றாள். "நான் போறேன். ஆனா ஒண்ணு. நாளைக்கு யார் கையிலயும் ஃபோன்கூட இருக்கக்கூடாது. கடக்கிறவங்களைத் தவிர மத்தவங்க எல்லார் கண்ணும் நாலாவுல இருக்கணும்."

*

விடியலின் முதற்சாம்பலில் துங்கிப் பக்கத்துக் கண்பாறையருகே ஊர் வரிசைகட்டி நின்றது. எருமைகளை அவிழ்த்துவிட்டு, கொட்டிலில் வைக்கோல் பரப்பிவிட்டு வந்திருந்தனர். ஒவ்வொருவர் இடையிலும் சிவப்புக் கம்பளிக் கயிறு நீண்டு தரையில் புரண்டது. உடல் புதைந்தாலும் இலேசான கயிறு பனிமேல் மிதந்து இடங்காட்டும்.

வேலாயுதம் முதலில் கடந்து அக்கரையில் நின்றார். அடுத்து ஒரு முதியவர். அடுத்துப் பிமலா, மகளை மார்போடு கட்டிக்கொண்டு. ஒருவர் அக்கரை மிதித்த பின்பே அடுத்தவர் இறங்கினார். பாறைமேலும் கரையிலும் நின்ற அத்தனை கண்களும் நடக்கும் அந்த ஒற்றை உருவத்தைத் தாங்கின. யாரும் பேசவில்லை. மங்கையர்க்கரசியின் உதடுகள் மட்டும் ஒலியின்றி ஒரு பதிகத்தை உருவிட்டன. கண்கள் சரிவைவிட்டு அசையவில்லை. பாதிவழியில் சிறுமி தாயின் தோள்மேல் தலையைத் தூக்கிக் கரையில் நின்றவர்களைப் பார்த்தாள். கையசைத்தாள். பதிலுக்குக் கையசைக்க ஒருவரும் துணியவில்லை.

ஹீராவின் முறை வந்தது. "ஆறுதானே, தீதி?" என்றான்.

"ஆறுதான்."

இறங்கினான். கால்கள் உதற உதற, நின்று நின்று, ஆனால் திரும்பாமல் கடந்தான்.

கடைசியில் மங்கையர்க்கரசியும் ஷேர் சிங்கும் மட்டும் எஞ்சினர். அவர் நாலாவைப் பார்த்தார். பின்னால் புகைபோக்கியில் இன்னும் புகையும் தம் வீட்டைப் பார்த்தார்.

"நான் இங்கேயே இருந்துக்கிறேன், தீதி."

"பாயி சாப்."

"நீங்க ஏமாத்தலை. அது எனக்குத் தெரியும். அறுபத்தெட்டு வயசுல எட்டும் ஆறும் எனக்கு ஒண்ணுதான். எருமைக்குத் தண்ணி காட்டணும்." கண்பாறையின்மேல் சிரமப்பட்டு ஏறி நின்றார். "நீங்க இறங்குங்க. கடைசி ஆளுக்குப் பார்க்க ஆள் வேணுமே. நான் பார்க்கிறேன்."

அவள் கெஞ்சினாள். கையைப் பிடித்து இழுத்தாள். அவர் மெல்ல விடுவித்துக்கொண்டு வானைக் காட்டினார். கிழக்கு முகத்தின் உச்சியில் வெயிலின் முதற்கீற்று விழுந்திருந்தது. அவள் கடக்கும்வரை அவர் பார்வை தன் முதுகின்மேல் ஒரு கைபோலப் படிந்திருந்ததை உணர்ந்தாள். அக்கரை ஏறித் திரும்பியபோது, அவர் பாறையிலிருந்து இறங்கி வீட்டை நோக்கி நொண்டி நொண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

நண்பகலுக்குச் சற்று முன் கிழக்கு முகம் இறங்கியது. பாலிகட்டில் சாளரங்கள் அதிர்ந்தன. வெண்புகை தணிந்தபோது துங்கியின் கீழ்த்தெரு இருந்த இடம் வெறும் வெள்ளையாயிருந்தது. ஷேர் சிங்கின் வீடு கீழ்த்தெருவில் இருந்தது.

*

"நிமித்திகன் அவரையும் கொண்டுவந்திருக்கும்," என்றார் நௌட்டியால். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுவே அவளுக்குக் கடினமாயிருந்தது.

"கொண்டுவந்திருக்கும்," என்று ஒப்புக்கொண்டாள். "அடுத்த குளிர்காலத்தில் அதை யார் நம்பியிருப்பார்கள்?"

"அதற்கும் அது ஏதாவது சொல்லியிருக்கும்."

"ஆமாம். அதைத்தான் நான் அஞ்சுகிறேன்," என்றாள். "உணரிகள் இருக்கட்டும், கணக்கு இருக்கட்டும். ஆள் பார்த்து மாற்றும் பகுதியை நீக்குங்கள். நீக்காவிட்டால் இந்த நிலையத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள். நான் பள்ளத்தாக்கிலேயே வீடு எடுத்துக்கொண்டு, குழி தோண்டிச் சொல்லிக்கொண்டிருப்பேன்."

அவர், "எழுதி அனுப்புங்கள். பேசிப்பார்க்கிறேன்," என்றார்.

விடை வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. பாலிகட் சந்தையின் முகப்பில் ஒரு கரும்பலகையை மாட்டினாள். நாள்தோறும் காலையில் தானே குழி தோண்டி, உணரிகளின் மூலச்செய்தியோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு சரிவுக்கும் ஓர் எண்ணைச் சுண்ணக்கட்டியால் எழுதினாள். வேலாயுதம் அதன் அடியில், கேட்காமலே, துங்கியின் மொழியில் ஒரு வரி சேர்த்தார்: இது எல்லார்க்கும்.

சில நாள் கழித்து, காலையில் ஹீரா பலகையருகே நின்றிருந்தான். மேல்தெருக் கொட்டிலில் எருமைகள் சில உயிரோடு நடமாடுவதைத் தொலைநோக்கியில் பார்த்திருந்தனர். ஷேர் சிங்கின் நான்கு எருமைகளில் ஒன்றும் அவற்றுள் இருந்தது. யாராவது போய்த் தீனி வைத்தாக வேண்டும். கிழக்கு முகம் இறங்கி ஓய்ந்துவிட்டது. ஆனால் நாலாவின் தலைப்பகுதியில் பனிப்பலகையின் ஒரு துண்டு இன்னும் விழாமல் தொங்கியது.

பலகையில் பூத்நாலாவுக்கு நேரே ஆறு என்றிருந்தது. அவன் அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு சுற்றுமுற்றும் நோக்கிவிட்டு அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"பலகையில ஆறுன்னு இருக்கு, தீதி. எனக்கு எவ்வளவு?"

அவன் இமைகள் படபடத்தன. இடையில் சிவப்புக் கயிறு ஏற்கெனவே கட்டியிருந்தது. போகத்தான் போகிறான் என்பதும், நடுங்கிக்கொண்டே போவான் என்பதும், நடுங்கும் கால் பனியில் தவறும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. நான்கு என்ற ஒரு சொல் அந்தக் காலை உறுதியாக்கும். அதை அவனுக்குத் தர அவள் நெஞ்சு முழுவதும் விரும்பியது.

"உனக்கும் ஆறுதான்," என்றாள்.

அவன் தலையசைத்தான். தோள்கள் சற்றுத் தளர்ந்தன. எதையோ கேட்டு உறுதிசெய்துகொண்டவன்போல நீண்ட மூச்சு விட்டான்.

"அப்ப நீங்க வந்து பாறையில நிக்கறீங்களா?"

இருவரும் நாலாவை நோக்கி நடந்தனர். நாலா ஓரத்தை அடைந்ததும் அவள் தன் தொலைபேசியை அணைத்துப் பையின் அடியில் போட்டாள். பிறகு கையுறைகளால் இக்கரைக் கண்பாறையின் பனியைத் துடைத்துவிட்டு ஏறி நின்றாள். ஹீரா சரிவில் முதலடி வைத்தான். சிவப்புக் கயிறு அவன் பின்னே நெளிந்து நெளிந்து சென்றது. அவள் கண்கள் அவன்மேல் பதிந்தன.

குளிர்காற்று கண்ணில் நீரை வரவழைத்தது. அவள் இமைக்கவில்லை.